என் முதல் ரெசியூமும் அப்பாவின் போனும்

கல்லூரியில் முதல் வருஷம் முடியப்போகிற நேரம். விடுமுறையில் வேலை பார்க்க விருப்பமுள்ளவர்கள் பெயர் கொடுக்கலாம் என்று அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். புதிதாகத் திறக்கப்போகிற பெரிய மூக்குக்கண்ணாடிக் கடைக்கு முன் மேசையில் உட்கார ஆள் தேவை. வருகிறவர்களை வரவேற்று, கண் பரிசோதனைக்கு நேரம் குறித்துக்கொடுத்து, கூப்பிடும்வரை அவர்களைப் பார்த்துக்கொள்கிற வேலை. கடைசி வரியில் 'ஒரு பக்க ரெசியூமுடன் வரவும்' என்று இருந்தது.

ஒரு பக்கம்தானே என்று அலட்சியமாக நினைத்துவிட்டேன்.

மாமா வீட்டில் வேண்டாம் என்று கொடுத்த பழைய கம்ப்யூட்டர் ஒன்று கூடத்து மூலையில் இருந்தது. போட்டால் மிக்ஸி ஓடுகிற மாதிரி சத்தம் வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அதன் முன்னால் உட்கார்ந்தேன். பெயர் அடித்தேன். முகவரி அடித்தேன். பள்ளிக்கூடம், கல்லூரி, மதிப்பெண். அடுத்து 'அனுபவம்' என்று அடித்து இரண்டு புள்ளி வைத்தேன். அதோடு வண்டி நின்றுவிட்டது. அடுத்த எழுத்து விழவேண்டிய இடத்தில் அந்தக் குச்சி மின்னி மின்னி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அப்பா டீயும் கையுமாகப் பின்னால் வந்து நின்றார்.

"பயோடேட்டாவா?"

"ரெசியூம்ப்பா."

"ரெண்டும் ஒண்ணுதானே."

"இல்லப்பா. பயோடேட்டால அப்பா பேரு போடணும். இதுல போட வேண்டியதில்ல."

"அப்போ யார் வீட்டுப் பொண்ணுன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

அப்பா லிஃப்ட் மெக்கானிக். நகரத்தின் பாதி அடுக்குமாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பராமரிக்கிற ஒரு கம்பெனியில் இருந்தார். அந்த வேலைக்கு அவர் எந்தக் காகிதமும் கொடுத்ததில்லையாம். "கையை நீட்டுன்னார் முதலாளி. நீட்டினேன். விரல் நடுங்குதான்னு பார்த்தார். திங்கக்கிழமை வான்னார். அவ்வளவுதான் என் பயோடேட்டா" என்று சொல்லிவிட்டு டீயை உறிஞ்சினார். பிறகு என் வெற்றுத் திரையைப் பார்த்து அவருக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும். "மூணாம் கிளாஸ்ல எலுமிச்சம்பழக் கரண்டி ஓட்டத்துல ரெண்டாவதா வந்தியே, அதப் போடேன்" என்றார்.

அம்மா ஜன்னல் ஓரத்தில் தையல் மெஷினில் யார் வீட்டுத் திரைச்சீலையையோ ஓட்டிக்கொண்டிருந்தாள். கால் நிற்காமலே சொன்னாள்: "கையெழுத்து முத்து முத்தா இருக்கும்னு போடு."

"டைப் பண்ணித்தாம்மா குடுக்கணும்."

"அப்போ கையெழுத்து நல்லா இருக்கிறது அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

இரண்டு பேருக்கும் ஒரே கவலைதான். இந்தப் பெண்ணை இந்த ஊர் எப்படித் தெரிந்துகொள்ளப் போகிறது?

மறுநாள் வகுப்புத் தோழி ஒருத்தி தன்னுடையதைக் காட்டினாள். பக்கம் நிறைய எழுதியிருந்தாள். பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. அதிலிருந்து நாலு வரியை உருவி வந்து என்னுடையதில் ஒட்டினேன். சவால்களைத் துணிவுடன் எதிர்கொள்ளும் தலைமைப் பண்பு. குழுவாகச் செயல்படும் திறன். இப்படி. பக்கம் நிறைந்ததும் நெஞ்சும் நிறைந்த மாதிரி இருந்தது.

சாயங்காலம் அக்கா வேலை முடிந்து வந்தாள். அவள் சலவைக் கடையில் கவுண்டரில் இருந்தாள். துணியை வாங்கி, எண் போட்ட சீட்டைக் குத்தி, உள்ளே அனுப்புவது அவள் வேலை. வீட்டுக்குள் வரும்போதே சோப்பு வாசனையும் இஸ்திரி வாசனையும் அவளோடு சேர்ந்து வரும். திரையை எட்டிப் பார்த்தவள், செய்தி வாசிக்கிற குரலில் ஆரம்பித்தாள்.

"சவால்களைத் துணிவுடன் எதிர்கொள்ளும் தலைமைப் பண்பு." நிறுத்தி என்னைப் பார்த்தாள். "டிவி ரிமோட்டக்கூட உன்னால அஞ்சு நிமிஷம் கையில வச்சிக்க முடியல. யாருக்குடி தலைமை?"

அம்மா சிரித்துவிட்டாள். அப்பாவும் சிரித்தார். நான் கம்ப்யூட்டரை அப்படியே அணைத்துவிட்டு பால்கனியில் போய், காய்கிற துணிகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டேன். அழுகை வந்தது. ஈரப் போர்வை ஒன்று முகத்துக்கு நேராகத் தொங்கியதால் யாருக்கும் தெரிந்திருக்காது.

கொஞ்ச நேரம் கழித்து அக்கா போர்வையை ஒதுக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். மன்னிப்பெல்லாம் கேட்க மாட்டாள். அது அவள் வழக்கமில்லை.

"கடைக்குக் கறையோட துணி கொண்டு வர்றவங்க இருக்காங்களே, எடுத்ததும் பொய்தான் சொல்லுவாங்க. தண்ணி பட்டுடுச்சும்பாங்க. நாலு கேள்வி கேட்டாத்தான் அது மையா, எண்ணெயான்னு வெளிய வரும். உன்ன நாலு கேள்வி கேக்கறேன், பதில் சொல்லு."

"கேளு."

"நீ வீட்ல இல்லைன்னா இந்த வீட்ல எது நடக்காது?"

யோசித்தேன். சமையல் அம்மா. கடை கண்ணி அக்கா. "எல்லாமே நடக்கும்" என்றேன்.

"போன்?"

"என்ன போன்?"

"அப்பா போன், லூசு. அவர் குளிக்கப் போயிருக்கிறப்போ யாரு எடுக்கறா? அவர் ஒரு இடத்துக்குப் போயிருக்கிறப்போ இன்னொரு இடத்துல மாட்டினா யாரு பேசறா?"

சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் சுவரில் மாட்டியிருந்த அந்த போனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா பார்த்துக்கொண்ட லிஃப்டுகளுக்குள் ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கும். பகலில் அழுத்தினால் கம்பெனி ஆபீசில் மணி அடிக்கும். ஆபீஸ் மூடிய பிறகும் விடுமுறை நாட்களிலும் நேராக எங்கள் வீட்டில் அடிக்கும். மணி அடித்தால் எங்கேயோ இரண்டு மாடிகளுக்கு நடுவில் யாரோ இருட்டில் நிற்கிறார்கள் என்று அர்த்தம்.

நான் ஏழாம் வகுப்பில் இருந்தபோது, ஒரு மழை நாள், அப்பா ஒரு கட்டடத்துக்குக் கிளம்பிய பின்னால் இன்னொரு கட்டடத்திலிருந்து மணி அடித்தது. அம்மா எடுத்தாள். அம்மா எடுத்தால் மாட்டிக்கொண்டவர்தான் அம்மாவைத் தேற்ற வேண்டியிருக்கும். "ஐயையோ, எப்படி மாட்னீங்க, மூச்சு விட முடியுதா" என்று அவள் கேட்கிற கேட்பில் அவர்களுக்கு நிஜமாகவே மூச்சு முட்டும். அக்கா எடுத்தால் "வருவார்" என்று ஒரே சொல்லில் வைத்துவிடுவாள். அன்றைக்கு அம்மா கையிலிருந்து போனை நான் வாங்கினேன். ஒரு பெண்ணும் அவள் குழந்தையும். குழந்தை வீறிட்டு அழுதது. எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. குழந்தையின் செருப்பு என்ன நிறம் என்று கேட்டேன். அழுகை ஒரு நொடி நின்று, "மஞ்சள்" என்று ஒரு குரல் வந்தது. அக்கா பக்கத்து வீட்டு போனிலிருந்து அப்பா போன கட்டடத்துக்குத் தகவல் சொன்னாள். அவர் அங்கே போய்ச் சேரும்வரை நாங்கள் நிறங்களைப் பற்றியே பேசினோம்.

அதற்குப் பிறகு அது என் வேலை என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் மணி அடித்தால் எல்லோரும் என்னைத்தான் பார்ப்பார்கள். கதவை நெம்பாதீர்கள், உட்கார்ந்துகொள்ளுங்கள், காற்று வரும், பயப்படாதீர்கள். அப்பா சொல்லிக்கொடுத்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் அவரவர்க்கு ஏற்ற மாதிரி. ஒருவர் குடும்பத்துக்கே ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு போகும்போது மாட்டிக்கொண்டு, உருகுது உருகுது என்று தவித்தார். சாப்பிட்டுவிடுங்கள் என்றேன். அப்பா கதவைத் திறந்தபோது சட்டையெல்லாம் வழிய, கண்ணில் கொஞ்சம் குற்ற உணர்ச்சியோடு நின்றாராம். ஒரு தடவை புருஷனும் பெண்டாட்டியும் சண்டைக்கு நடுவில் மாட்டிக்கொண்டார்கள். ஒருவர் மாற்றி ஒருவர் என்னிடமே முறையிட்டார்கள். நான் அப்போது பத்தாவது. "சரிங்க, சரிங்க" என்பதைத் தவிர எனக்கென்ன தெரியும்?

"அதெல்லாம் ஒரு வேலையா?" என்றேன் அக்காவிடம். "அப்பாவுக்கு வந்த போனை எடுத்தேன், அவ்வளவுதானே."

"நான் மத்தவங்க அழுக்குத் துணிய வாங்கி வைக்கிறேன். அது வேலையா, இல்லையா?"

உள்ளே போய், ஒரே நாற்காலியில் ஆளுக்குப் பாதியாக உட்கார்ந்தோம். தலைமைப் பண்பை அழித்தோம். அனுபவம் என்ற இடத்தில், 'லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களுக்கு உதவி வரும்வரை தொலைபேசியில் துணையாக இருத்தல், ஏழாம் வகுப்பிலிருந்து இன்றுவரை' என்று எழுதினோம். முதலில் நான் 'தைரியம் ஊட்டுதல்' என்றுதான் அடித்தேன். "துணையா இருந்தேன்னு போடு. அதானே செஞ்ச" என்று அக்கா மாற்றினாள். பக்கத்தில் பாதிக்கு மேல் காலியாகத்தான் இருந்தது. ஆனால் இந்த முறை அந்த வெள்ளை என்னைப் பயமுறுத்தவில்லை.

மறுநாள் கல்லூரியில் அச்செடுத்து வந்து, சாப்பிடும்போது அப்பாவிடம் காட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். படிக்கப் படிக்க முகம் மாறியது. தாளைத் திருப்பி என் பக்கம் தள்ளினார்.

"அந்த வரிய எடுத்துடு."

"ஏன்ப்பா?"

"அந்த போன நான் எடுக்கணும். இல்லைன்னா கம்பெனி பழக்கிவிட்ட பெரியவங்க யாராவது எடுக்கணும். அப்படின்னு கையெழுத்துப் போட்டிருக்கேன். ஏழாவது படிக்கிற புள்ள எடுத்தான்னு நாளைக்கு யாராவது முதலாளிகிட்ட சொன்னா நான் என்ன பதில் சொல்லுவேன்?"

அக்கா விடவில்லை. "அவ ஒண்ணும் பொய் எழுதலையேப்பா."

"பொய்யா இருந்தாப் பரவாயில்லம்மா. உண்மையா இருக்கே, அதான் தொல்லை."

அப்பா வேலைக்கு உலை வைத்துவிட்டு எனக்கு ஒரு வேலையா? எடுத்துவிடுகிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். போன் மணி அடித்தது.

பழக்கத்தில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு எல்லோரும் ஒன்றாகப் பார்வையைத் தட்டுக்குத் திருப்பினார்கள். அப்பாவே எழுந்து போய் எடுத்தார். "சொல்லுங்க. எந்தக் கட்டடம்? கதவ நெம்பாதீங்க. உட்காந்துக்கோங்க. காத்து வரும். பயப்படாதீங்க." ஒரு நிமிஷம் கேட்டுவிட்டு மறுபடியும் அதையே சொன்னார். மூன்றாவது தடவையும் சொன்னார். அவர் கழுத்தில் வேர்வை துளிர்த்தது எனக்குத் தெரிந்தது. அப்புறம் போனின் வாய்ப்பக்கத்தைக் கையால் மூடிக்கொண்டு திரும்பினார்.

"அழறாங்க. நிறுத்த மாட்டேங்கறாங்க." கொஞ்சம் தயங்கினார். "நான் கிளம்பணும்."

நான் போய் வாங்கிக்கொண்டேன். அவர் கருவிப் பையை எடுத்துக்கொண்டு படியிறங்குகிற சத்தம் கேட்டது.

ஒரு வயதான பெண்குரல். மருத்துவமனையில் இருக்கிற மகளைப் பார்த்துவிட்டு வீடு திரும்பியவர். லிஃப்ட் நின்றதற்காக அவர் அழவில்லை. நாள் முழுக்க மகள் முன்னால் அடக்கி வைத்தது, நாலு பக்கமும் கதவு மூடியதும் உடைந்துவிட்டது. நான் ஒன்றும் பெரிதாகச் சொல்லவில்லை. மகளைப் பற்றிக் கேட்டேன். சின்ன வயதில் எப்படி இருப்பாள், யார் மாதிரி, என்ன பிடிக்கும் என்று. அவர் சொல்லச் சொல்ல அழுகை மெல்ல இறங்கியது. பிறகு பின்னால் கதவு நகர்கிற சத்தமும் அப்பாவின் குரலும் கேட்டன. "கதவு திறந்துடுச்சும்மா. வச்சிடட்டுமா?" என்று அந்தம்மா என்னிடம் அனுமதி கேட்டுவிட்டுத்தான் வைத்தார்.

அப்பா திரும்பி வந்து நெடுநேரம் கை கழுவினார். கிரீஸ் போன பிறகும் கழுவிக்கொண்டே இருந்தார்.

"கதவத் திறந்துட்டு நிக்கறேன், அந்தம்மா வெளிய வரல. போன்ல பேசற பொண்ணுகிட்ட சொல்லிட்டு வர்றேன், கொஞ்சம் இருப்பான்னாங்க" என்றார், யாரையும் பார்க்காமல். என் தாள் இன்னும் சாப்பாட்டு மேசையிலேயே கிடந்தது. அதை எடுத்து, மடங்கிய மூலையை நீவிவிட்டு, கம்ப்யூட்டர் மேல் வைத்தார்.

மறுநாள் காலையில் இஸ்திரி போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு ஆபீசுக்குப் போனார். அது கல்யாணத்துக்குப் போடுகிற சட்டை. அன்றைக்கு அம்மா தைத்ததையெல்லாம் மறுபடி பிரித்துத் தைக்க வேண்டியிருந்தது.

சாயங்காலம் வந்து நடந்ததைச் சொன்னார். முதலாளியிடம் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். முதலாளி நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு கொஞ்ச நேரம் வெளியே பார்த்தாராம். அப்புறம், "எனக்கே தெரியாம என் கம்பெனியில ஒரு ஆளு இத்தன வருஷமா வேலை பார்த்திருக்கு" என்றாராம். அதைத் தொடர்ந்து நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார் அப்பா. ஏதாவது ஒன்று ஆகியிருந்தால் என்ன ஆவது, ஒரு குழந்தையின் தலையில் இதைக் கட்டலாமா என்று முதலாளி சத்தம் போட்டிருக்கிறார்.

"அவர் சொன்னதுல தப்பில்ல" என்றார் அப்பா. சட்டைப்பையிலிருந்து முதலாளியின் விசிட்டிங் கார்டை எடுத்து என்னிடம் நீட்டினார். "பரிந்துரைக்கிறவர்னு கீழ ஒரு இடம் காலியா இருந்துதே, அதுல இவர் பேரப் போட்டுக்கச் சொன்னார். யாரு கேட்டாலும் நான் சொல்றேன்னார்."

"வேற?" என்றாள் அம்மா.

"எனக்கு எச்சரிக்கைன்னு ஒரு கடிதம் குடுத்திருக்கார். அத அவ ரெசியூம்ல போட வேண்டாம்."

அம்மா அப்போதுதான் மூச்சு விட்டாள். அக்கா சிரித்தாள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அடுத்த மாதத்திலிருந்து போனெல்லாம் நகரத்து நடுவில் ஒரு ஆபீசுக்குப் போகும், அங்கே முறை வைத்து ஆட்கள் இருப்பார்கள் என்று கடைசியாக அவர் சொன்னது என் காதிலேயே நின்றுவிட்டது.

கண்ணாடிக் கடைக்கு நேர்முகத்துக்குப் போன நாள் கடையில் பெயின்ட் வாசனை போகவில்லை. ஃபிரேம்களெல்லாம் பெட்டியிலேயே இருந்தன. ஆனால் முகம் பார்க்கும் கண்ணாடிகளை மாட்டிவிட்டிருந்தார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் அக்காவின் நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு திருதிருவென்று விழிக்கிற ஒரு பெண் தெரிந்தாள். மேலாளர் ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண்மணி. என் தாளை வாங்கி மேலிருந்து கீழே பார்த்தார். அந்த வரியில் கண் நின்றது.

"இது என்னம்மா?"

சொன்னேன். செருப்பின் நிறத்திலிருந்து ஆரம்பித்தேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"அவங்ககிட்ட என்ன சொல்லக் கூடாது?"

இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. ஆனால் பதில் தயாராக இருந்தது. "இதோ வந்துட்டாங்கன்னு சொல்லக் கூடாது மேடம். வரலைன்னா அப்புறம் நாம சொல்ற எதையும் நம்ப மாட்டாங்க. அப்பா எங்க இருக்காரோ அதத்தான் சொல்லணும். பாலத்துகிட்ட இருக்கார்னா பாலத்துகிட்டன்னு."

"இங்க யாரும் மாட்டிக்க மாட்டாங்க" என்றார் அவர். "ஆனா கண்ணுல சொட்டு மருந்து விட்டு உட்கார வைப்போம். கொஞ்ச நேரத்துக்கு எல்லாம் மங்கலாத் தெரியும். தனியா வந்தவங்க அந்த நேரத்துல ரொம்பத் தவிச்சுப்போறாங்க. பக்கத்துல ஒரு குரல் இருந்தா நல்லா இருக்கும்."

திங்கட்கிழமை வரச் சொன்னார். விடுமுறைக்கென்று சேர்ந்த கடையில் படிப்பு முடியும்வரை சனி ஞாயிறுகளில் இருந்தேன். அதற்குப் பிறகு எத்தனையோ ரெசியூம் எழுதியாகிவிட்டது. இப்போதெல்லாம் எதை விடுவது என்பதுதான் கஷ்டம். எதையும் நாற்காலியில் பாதி இடம் விட்டு உட்கார்ந்து எழுதவில்லை.

அந்த மாதக் கடைசியில் போன் இணைப்பை மாற்றிவிட்டார்கள். கருவி அதேதான், சுவரில் அதே இடத்தில்தான் தொங்கியது. மணி மட்டும் அடிக்கவில்லை. முதல் சில நாள் அப்பா சாப்பிடும்போது வழக்கம்போல அவசர அவசரமாக விழுங்கிவிட்டு, காலித் தட்டின் முன்னால் என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். குளிக்கப் போனால் கதவைத் திறந்து, "யாராவது கூப்பிட்டாங்களா?" என்று கேட்டார். எங்கோ யாரோ மாட்டிக்கொண்டிருப்பார்கள், யாரோ அவர்களிடம் பேசிக்கொண்டிருப்பார்கள் என்று நான் நினைத்துக்கொள்வேன். என்ன பேசுவார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அம்மாதான் திடீரென்று சொன்னாள். "நாலு பேரும் எங்கயாவது போயிட்டு வரலாமே."

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. போனுக்கு ஆள் வேண்டும் என்பதால் யாராவது ஒருவர் எப்போதும் வீட்டிலேயே இருப்போம். கல்யாணத்துக்கு மூன்று பேர் போவோம், கடைத்தெருவுக்கு இரண்டு பேர். எனக்கு விவரம் தெரிந்து நாலு பேரும் ஒன்றாகக் கதவைப் பூட்டியதே இல்லை. சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்பதிலேயே வாசலில் ஒரு குழப்பம்.

கிளம்பிவிட்டோமே தவிர எங்கே போவதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. தெருக்கோடிவரை நடந்தோம். பெரிய சாலையைக் கடந்து, ஒரு சின்னப் பூங்காவின் பெஞ்சில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தோம். எதிரே கட்டடங்களில் ஒவ்வொன்றாக விளக்கு எரிந்தது. அப்பா விரலை நீட்டி, அது என் லிஃப்ட், அந்த மூலையில இருக்கிறதும் என் லிஃப்ட், அது கொஞ்சம் முரண்டு பிடிக்கும் என்று காட்டிக்கொண்டிருந்தார். அக்கா அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டு எல்லாவற்றுக்கும் "ம்" போட்டாள். டீ வாங்கிக் குடித்தோம். ஆறியும் ஆறாமலும் இருந்தது.

இருட்டத் தொடங்கியதும் அப்பா எழுந்து நின்று, பழக்கத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"வீட்டுக்குப் போலாமா?"

"போய் என்ன பண்ணப்போறோம், உட்காருங்க" என்றாள் அம்மா.

அப்பா உட்கார்ந்தார்.